மந்திரி இல்ல, டிரைவர்

பிப்ரவரி 3, செவ்வாய்

நான் அப்போதே சொன்னேன். என் பேச்சை இந்த வீட்டில் யார் கேட்டார்கள்? அதனால்தான் மகள் வாங்கிக் கொடுத்து, ஒரு மாசமாக அலமாரியில் சும்மா கிடந்த டைரியை இன்று பிரித்துவிட்டேன். இனி எல்லாம் எழுத்தில் இருக்கும்.

இன்று டாக்டரம்மா சொன்னதை நான் மூன்று வாரம் முன்பே கண்டுபிடித்துவிட்டேன். அவர்கள் ரத்தம் எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், என் மனைவியின் தலையை ஒரு குழாய்க்குள் விட்டுப் படம் பிடித்தார்கள். மறதி நோயோ என்று மகளுக்குப் பயம். டாக்டரம்மா எல்லாக் காகிதத்தையும் புரட்டிவிட்டு, "மறதி நோய் இல்லைங்க. பழைய மனச்சோர்வுதான் திரும்பி வந்திருக்கு" என்றார். எனக்கு ஆச்சரியமே இல்லை. ஊசி இல்லாமல், குழாய் இல்லாமல், ஒரு கோப்பை டீயை வைத்துக்கொண்டே கண்டுபிடித்தவன் நான்.

எப்படி என்று எழுதுகிறேன். நான் ஒரு பெரிய கடையில் லிஃப்ட் ஓட்டியவன். முப்பத்தெட்டு வருஷம். (அவள் பார்த்தால் முப்பத்தொன்று என்பாள்.) எட்டு மாடிக் கடை. (ஆறு என்பாள்.) அதே கடையில் மூன்றாவது மாடியில், பேன்ட்டுக்குக் கால் குறைக்கிற, இடுப்புப் பிடிக்கிற மேசையில் அவள். கழுத்தில் எப்போதும் இஞ்ச் டேப். அவள் துணி அளந்தாள், நான் கதை அளந்தேன். அப்படித்தான் எங்கள் குடும்பம் ஓடியது.

என் கதைகளிலேயே உயர்ந்தது மந்திரி கதை. ஒரு நாள் கரண்ட் போய், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. நான் டீக்கு இறங்கியிருந்த நேரம். உள்ளே ஒரு மந்திரி. தனியாக. நான் வெளியே கதவோரம் உட்கார்ந்து, இருட்டில் அவர் பயப்படாதபடி பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். வெளியே வந்ததும் அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்களை மாதிரி ஆளுங்கதான் இந்த நாட்டையே தூக்கி நிறுத்துறாங்க" என்றார்.

இந்த இடம் வந்ததும், வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும், அவள் குரல் வரும்: "மந்திரி இல்ல. மந்திரியோட டிரைவர்."

நாற்பது வருஷமாக வரும். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அவள் சொல்வதற்கென்றே அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவேன்.

மூன்று வாரம் முன்பு கிரீஸ் வந்திருந்தான். கிரீஸ் என்றால் எங்கள் கடை லிஃப்ட் மெக்கானிக். கையில் ஒட்டிய கிரீஸ் இன்னும் போகவில்லை, பேரும் போகவில்லை. அவனுக்கு அந்தக் கதையை நூறாவது தடவையாகச் சொன்னேன். நாட்டைத் தூக்கி நிறுத்தினேன். நிறுத்தினேன். காத்திருந்தேன்.

ஒன்றும் வரவில்லை.

கிரீஸ் சமையலறைப் பக்கம் பார்த்தான். அவள் அங்கே ஒரு கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காய்ந்த கோப்பை. துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதே கிரீஸிடம் சொன்னேன், "வந்துடுச்சுய்யா" என்று. வேண்டுமானால் அவனைக் கேட்டுக்கொள்ளலாம்.


பிப்ரவரி 4, புதன்

டாக்டரம்மா இந்த நோய்க்கு இங்கிலீஷில் ஒரு பேர் சொன்னார். அதில் முதல் வார்த்தை ரிக்கரன்ட். எனக்கா தெரியாது? கரண்ட் விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. ரீ-கரண்ட். போய்ப் போய் வருகிற கரண்ட். எதிர்வீட்டு டீச்சர் விசாரித்தபோது, "பயப்பட ஒண்ணுமில்ல, கரண்ட் கோளாறு" என்று சொல்லிவிட்டேன். அவர் எலக்ட்ரீஷியன் நம்பர் கொடுத்தார்.


பிப்ரவரி 9, திங்கள்

காலையில் ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் டீ போட்டு, ரொட்டி சுட்டு, பேப்பர் படித்து முடித்துப் போனேன். இன்னொரு செருப்பு அப்படியே கிடந்தது. "எதுக்குப் போடணும்னு யோசிச்சேன். மறந்து போச்சு" என்றாள்.

முழங்கால் வலி என்கிறாள். வயிறு என்கிறாள். நெஞ்சில் ஏதோ அடைக்கிறது என்கிறாள். எங்கே என்று கேட்டால் கையை வைத்து ஒரு இடம் காட்ட முடியவில்லை. அளந்து பேசுகிறவளுக்கு, தன் வலியை அளக்க முடியவில்லை.

இது மூன்றாவது தடவை. முதல் தடவை மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம். அப்போது இதற்குப் பேரே கிடையாது. "வேலை செய்ய உடம்பு வளையல" என்று என் அண்ணி பேர் வைத்தாள். இரண்டாவது தடவை, கடையில் அவள் மேசையை எடுத்துவிட்டு அங்கே கண்ணாடி அலமாரி வைத்தபோது. அப்போதுதான் மாத்திரை. நல்லா ஆனாள். எவ்வளவு நல்லா என்றால், பத்து வருஷம் என்னை ஒரு வாக்கியம்கூட முழுதாகச் சொல்ல விடவில்லை. போன வருஷம் மாத்திரையை நிறுத்தினாள். "நல்லாத்தானே இருக்கேன். நல்லா இருக்கிறவ எதுக்கு மாத்திரை சாப்பிடணும்?" வேண்டாம் என்று நான் கர்ஜித்தேன்.

சரி, கர்ஜிக்கவில்லை. "அதானே" என்றேன்.

எப்படி இருக்கிறது என்று கேட்டேன். யோசித்து யோசித்துச் சொன்னாள். "ஈரத்துணியத் தைக்கிற மாதிரி இருக்குங்க. ஊசி இறங்கவே மாட்டேங்குது."


பிப்ரவரி 12, வியாழன்

லிஃப்ட் மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று இந்தக் காலத்துப் பையன்களுக்குத் தெரியாது. பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கள் காலத்தில் அது ஒரு கலை. கிரீஸ் மொட்டை மாடிக்கு மேலே மிஷின் ரூமுக்குப் போவான். மெயினை அணைப்பான், பிரேக்கைத் தளர்த்துவான், பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றுவான். ஒரு சுற்றுக்கு இவ்வளவுதான் நகரும் என்று விரலால் காட்டுவான், நகக்கண் அளவு. அதற்கு நேரமாகும். அதுவரை கதவோரம் உட்கார்ந்து உள்ளே இருப்பவரோடு பேசுவது என் வேலை.

பயப்படாதீங்க என்று சொல்லக் கூடாது; சொன்னால்தான் பயம் வரும். மழை, மாமியார், சம்பளம், எதையாவது பேச வேண்டும். நிறுத்தக் கூடாது. வெளியே ஒரு ஆள் இருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு, அது கிரீஸ் எனக்கு முதல் நாளே சொன்னது: நகராத லிஃப்ட்டை நகர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லவே கூடாது. நம்பிக் கதவைத் தள்ளிக் காலை வைத்துவிடுவார்கள். கீழே வெறும் குழி.

இன்று சமையலறை முக்காலியைத் தூக்கிப் போய் அவள் அறை வாசலில் போட்டுக்கொண்டேன். மேலே டாக்டரம்மா சக்கரம் சுற்றட்டும். மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும் என்றார். பேசுகிற வேலையில் என்னை அடிக்க ஆளில்லை.


பிப்ரவரி 17, செவ்வாய்

மத்தியானம் முக்காலியிலேயே கண் அசந்துவிட்டேன். கனவு.

பழைய லிஃப்ட். பித்தளைக் கைப்பிடி. நான் யூனிஃபார்மில், மீசை கறுப்பாக. இறங்கிக்கொண்டே இருக்கிறேன். தரைத்தளம் தாண்டிவிட்டது, கிடங்கும் தாண்டிவிட்டது. கம்பிக் கதவு வழியாக, கடையில் இல்லவே இல்லாத மாடிகள் மேலே போகின்றன. ஒன்றில் முழுக்க நாற்காலிகள், எல்லாம் சுவரைப் பார்த்து. ஒன்றில் தண்ணீர் சத்தம் மட்டும். இன்னொன்றில் வெள்ளைத் துணிகள், கூரையிலிருந்து தரை வரை, ஈரம் சொட்டச் சொட்ட. அவற்றின் நடுவே அவள் தையல் மிஷினில். சக்கரம் சுற்றுகிறது. நூல் இல்லை.

"மேல போலாமா?" என்று கேட்டேன்.

"எந்த மாடி?" என்றாள்.

மூன்றாவது மாடி, துணி, தையல் சாமான், ஆல்ட்டரேஷன். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். தூக்கத்தில்தான் கேட்டாள். வாயில் வரவில்லை.

விழித்தபோது சன்னல் வழியாக வந்த வெயில் அவள் கால் வரை வந்து, அங்கேயே நின்றிருந்தது. அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.


பிப்ரவரி 24, செவ்வாய்

கதையைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். பெரிய பொய்யாக இருந்தால் திருத்தாமல் இருக்க முடியாது என்று கணக்கு. திங்கட்கிழமை லிஃப்டில் இரண்டு மந்திரிகள். இன்று ஒரு ராஜா, அவருடைய யானைக்குட்டி. யானைக்குட்டிக்கு மூச்சு முட்டியது, துதிக்கையைக் கதவிடுக்கு வழியாக நீட்டியது, நான் பிடித்துக்கொண்டேன் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

"சரி" என்றாள்.

இந்தச் 'சரி' இருக்கிறதே. பொய் சொல்லாதீங்க, வாய மூடுங்க, பேத்தாதீங்க, எல்லாம் கேட்டிருக்கிறேன். என் வாழ்க்கையில் நான் கேட்ட மோசமான வார்த்தை இந்தச் 'சரி'தான்.


மார்ச் 1, ஞாயிறு

மகள் போன். வேலை செய்கிற ஊர் ரயிலில் ஒரு பகல் தூரம். "லீவு போட்டுட்டு வரேன்ப்பா. டிக்கெட் எடுத்துட்டேன்." எதற்கு, நான் ஒருத்தன் பத்துப் பேருக்குச் சமம் என்றேன். "அம்மா என்ன சாப்பிட்டாங்க?" வயிறு நிறைய என்றேன். "அப்பா, அளக்காதீங்க." அரை ரொட்டி என்றேன்.

அதுவும் கால்தான்.


மார்ச் 14, சனி

சொன்னாள்! சொல்லிவிட்டாள்!

நிதானமாக எழுதுகிறேன். சாயங்காலம். திரைச்சீலை பாதி விலகியிருந்தது. அதன் வழியாக வெளிச்சம் தேன் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது, ஒரு பொட்டுத் தூசி அதில் பொன்னாக மிதந்தது. எங்கேயோ ஒரு குழந்தை சைக்கிள் மணி அடித்தது. நான் யானைக்குட்டியை எல்லாம் விட்டுவிட்டுப் பழைய கதையையே சொன்னேன். கரண்ட் போனது, கதவோரம் உட்கார்ந்தேன், மந்திரி வெளியே வந்தார், நாட்டைத் தூக்கி நிறுத்தினேன். நிறுத்தினேன். அவள் உதடு முதலில் அசைந்தது, காற்று பட்ட இலை மாதிரி. பிறகு, பக்கவாட்டில் பார்த்தபடியே, மெதுவாக:

"டிரைவர்."

ஒரே வார்த்தை. எனக்கு எட்டு மாடியும் ஒரே தாவலில் ஏறின மாதிரி இருந்தது.


மார்ச் 15, ஞாயிறு

எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. மகள் போனிலேயே அழுதாள். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, அடுத்த மாசம் வருகிறேன் என்றாள். கிரீஸ், "யோவ், சக்கரம் சுத்திடுச்சுய்யா" என்றான். டாக்டரம்மாவுக்கும் போன் செய்து சொன்னேன். நல்ல அறிகுறி, அப்படியானால் மாத்திரை அளவைக் கூட்ட வேண்டாம், இதையே தொடரலாம் என்றார். எதிர்வீட்டு டீச்சரிடம் கரண்ட் வந்துவிட்டது என்றேன்.

டீ இன்று ஏனோ கசக்கிறது. தூள் அதிகம் போட்டுவிட்டேன் போலிருக்கிறது.


மார்ச் 22, ஞாயிறு

எழுந்திருக்கவில்லை. தலை சீவவில்லை. நான் சீவிவிடப் போனேன், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கஞ்சி ஒரு கரண்டி.

ஒரு கரண்டிதான். கூட்டவில்லை.


மார்ச் 26, வியாழன்

கத்தரிக்கோலை எடுத்து மேசை மேல் வைத்திருக்கிறாள். பெரிய கத்தரிக்கோல், துணி வெட்டுகிறது. அதை இந்த வீட்டில் யாரும் தொடக் கூடாது. ஒரு தடவை நான் அதால் பேப்பர் வெட்டிவிட்டேன் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தவள். பக்கத்தில் இஞ்ச் டேப், சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு.

"இத யாருக்காவது குடுத்துடுங்க. நல்லாத் தைக்கிற பொண்ணாப் பாத்து."

எதுக்கு?

"எனக்கு எதுக்கு இனிமே."

என்ன பேச்சு இது. என்னடி பேச்சு இது. எனக்கு வாயில ஒண்ணும் வரல. எனக்கு! ஊரையே பேசிப் பேசி மயக்கினவன், கதவோரம் ஒக்காந்து எத்தனை பேர... முக்காலில போய் ஒக்காந்தேன். ஒண்ணும் பேச வரல. வெளிய ஒரு ஆள் இருக்கான்னு தெரியணும், பேசு, ஏதாவது பேசு. மழைன்னு ஆரம்பிச்சேன். வெளிய வெயில்.

நான் என்ன செஞ்சு வெச்சிருக்கேன்?


மார்ச் 27, வெள்ளி

எதிர்வீட்டு டீச்சரை அவளோடு உட்காரச் சொல்லிவிட்டு, காலையில் டாக்டரம்மாவைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். ஒரு விஷயத்தைத் திருத்திச் சொன்னேன். எதை என்று இங்கே எழுத மாட்டேன். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "இப்ப சொன்னீங்களே, அது போதும். இனிமே நடந்தத மட்டும் சொல்லுங்க. கொஞ்சமா இருந்தாலும் பரவாயில்ல" என்றார். மாத்திரையைக் கூட்டினார். வாரம் ஒரு நாள் பேசுவதற்கு ஒரு அம்மாவிடம் அனுப்புகிறார். மாத்திரைகளைப் பூட்டி வைத்து, சாவியை நானே வைத்துக்கொள்ளச் சொன்னார். கத்தரிக்கோலையும்.

பிறகு, "அவங்கள நேரடியா ஒண்ணு கேக்கணும். சாகணும்னு தோணுதான்னு. நாளைக்கு அழைச்சிட்டு வாங்க, நானும் கேப்பேன். ஆனா இன்னைக்கே நீங்க கேளுங்க."

"கேட்டா, இல்லாத நெனப்பு வந்துடாதா?"

"வராதுங்க. இருந்தா, தனியாத் தூக்கிட்டு இருக்காங்க. கேட்டா பாரம் கொஞ்சம் எறங்கும். ஆமான்னு சொன்னா உடனே எனக்குப் போன் பண்ணுங்க."

கிளம்பும்போது என் மரியாதைக்கு ஒன்று சொல்ல வேண்டும் போல இருந்தது. இந்த ரீ-கரண்ட் பற்றிச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயா, அது கரண்ட் இல்ல. திரும்பத் திரும்ப வர்றது நோய். இருட்டுன்னு வேணா வெச்சுக்கோங்க."

"இருட்டு திரும்பத் திரும்ப வரணும்னா, நடுவுல கரண்டும் திரும்பத் திரும்ப வந்திருக்கணுமே டாக்டரம்மா?"

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பெரிய படிப்புப் படித்தவர்களை இப்படி மடக்கியிருக்கிறேன் பல தடவை.


மார்ச் 27, மத்தியானம்

கேட்டேன்.

"தோணுது" என்றாள். "செய்ய மாட்டேன். செய்யறதுக்குக்கூடத் தெம்பு இல்ல. ஆனா தோணுது."

போன் செய்தேன். டாக்டரம்மாவுக்கு. பிறகு மகளுக்கு. வா என்று மட்டும் சொன்னேன்.


மார்ச் 28, சனி

காலையில் அவளை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போய் வந்தேன். மகள் வந்துவிட்டாள். என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. நேராகப் போய் அம்மாவின் கட்டிலில், செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துக்கொண்டாள், சின்னப் பிள்ளையில் படுப்பது மாதிரி. இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு. போர்வைக்குள் ஒரு மேடு, பக்கத்தில் ஒரு மேடு.

சாவி என் இடுப்பில். நடக்கும்போது இடிக்கிறது. இடிக்கட்டும்.


ஏப்ரல் 2, வியாழன்

ஒன்றும் இல்லை.


ஏப்ரல் 5, ஞாயிறு

இன்றும் இல்லை. அரை முட்டை.


ஏப்ரல் 9, வியாழன்

கிரீஸ் வந்தான். அவனுக்கு டீ கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். "என்னய்யா, மந்திரி எங்க?" என்றான். பதவி போச்சு என்றேன். அவன் சிரித்துவிட்டு, நான் சிரிக்கவில்லை என்று பார்த்து, தானும் நிறுத்திக்கொண்டான். போகும்போது விரலைத் தூக்கி நகக்கண்ணைக் காட்டினான். அவ்வளவு அவ்வளவாகத்தான் நகரும் என்று.


ஏப்ரல் 16, வியாழன்

மகள் குளிக்கப் போயிருந்தாள். நான் முக்காலியில். சொல்வதற்குப் பொய் எதுவும் கையிருப்பில் இல்லை. எல்லாம் தீர்ந்துவிட்டது, அரிசிப் பானை மாதிரி. வாய் சும்மா இருக்க முடியாமல், நிஜம் ஒன்று வந்துவிட்டது.

"அந்த லிஃப்ட்ல எனக்கு தெனமும் பயம். தெரியுமா? மொத நாள்ல இருந்து கடைசி நாள் வரைக்கும். காலைல கதவச் சாத்துறப்ப கை வேர்த்துடும். அதான் அவ்ளோ பேசுவேன். உள்ள இருக்கிறவங்களுக்காக இல்ல."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கிரீஸிடம்கூட. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். வெயில் அவள் முழங்கால் வரை ஏறியிருந்தது.

"தெரியும்" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவது மாடில நீங்க கதவத் தொறக்கறப்ப, கைப்பிடி எல்லாம் ஈரமா இருக்கும்."

பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். இது நடந்தது. தேன் இல்லை, பொன் தூசி இல்லை. சன்னலுக்குக் கீழே தெருவில் யாரோ கார் துடைத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. இது நடந்தது.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, ஒரு வார்த்தை கூட்டாமல் சொன்னேன்.


ஏப்ரல் 17, வெள்ளி

மறுபடி ஒன்றும் இல்லை. நாள் முழுக்கச் சுவர். டாக்டரம்மா இப்படித்தான் இருக்கும் என்று சொல்லியிருந்தார். எனக்கும் முன்பே தெரியும்.

தெரியாது.


ஏப்ரல் 29, புதன்

மகளோடு தெருமுனை வரை நடந்தாள். போகும்போது இரண்டு செருப்பும் போட்டிருந்தாள். நான் பால்கனியில் நின்று பார்த்தேன். திரும்பி வந்து, அந்தப் பேசுகிற அம்மாவைப் பற்றிக் கேட்டதற்கு, "நல்லாக் கேக்குறாங்க. உங்கள மாதிரி நடுவுல பேச மாட்டாங்க" என்றாள்.

குத்தினாள்! என்னைக் குத்தினாள். வலித்தது. ரொம்ப நன்றாக வலித்தது.


மே 10, ஞாயிறு

மகள் போன வாரம் ஊருக்குப் போய்விட்டாள். இன்று மத்தியானம் மறுபடி கனவு. அதே லிஃப்ட். இந்தத் தடவை கைப்பிடி அவள் கையில், நான் பயணி. வெள்ளைத் துணிகள் இருந்த மாடி வந்தது. துணியெல்லாம் காய்ந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. நிறுத்து என்றேன். அவள் நிறுத்தவில்லை. வேறு ஏதோ மாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். எந்த மாடி என்று கேட்க வாயெடுத்தேன், விழிப்பு வந்துவிட்டது.

சத்தம் கேட்டுத்தான் விழித்திருக்கிறேன். அவள் மிஷின் உறையைக் கழற்றித் தூசியை உதறிக்கொண்டிருந்தாள்.

"கத்தரி எங்க வெச்சீங்க?"

சாவியைத் தடவிக்கொண்டு நின்றேன். டாக்டரம்மாவைக் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்றேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். "கேட்டுட்டே குடுங்க" என்றாள். உறையை மடித்தாள், நான்கு முனையும் சரியாகச் சேர்த்து.


மே 19, செவ்வாய்

டாக்டரம்மா அவளிடம் அரைமணி பேசினார். கத்தரியைக் கொடுக்கலாம் என்றார். மாத்திரைச் சாவி இன்னும் கொஞ்ச நாள் என்னிடமே. நல்லா இருக்கிறோம் என்று இந்தத் தடவை நிறுத்தக் கூடாது, வருஷக்கணக்கில் எடுக்க வேண்டும் என்றார். எடுத்தாலும் திரும்பி வரலாம், வந்தால் சீக்கிரம் தெரிந்துகொண்டு வரணும் என்றார்.

"எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்று அவள் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் கதை சொல்றப்ப, நீங்க திருத்துறீங்களான்னு பாத்துக்கோங்க" என்றார் டாக்டரம்மா. என் கண்டுபிடிப்பு இப்போது ஆஸ்பத்திரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது.


ஜூன் 7, ஞாயிறு

மகள் வந்திருக்கிறாள், கிரீஸும் வந்திருந்தான். எல்லாருக்கும் டீ நான்தான். அவள் சன்னலோரம் உட்கார்ந்து என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் வெளிச்சம், அவள் தலையைச் சுற்றி நரைமுடி மட்டும் எரிகிற மாதிரி. இது கூட்டி எழுதியது இல்லை, மகளும் பார்த்தாள்.

நன்றாகப் பேச வந்தது இன்று. எவ்வளவு நாளாயிற்று! இந்த நோய் எப்படித் தீர்ந்தது என்று கிரீஸுக்கு விளக்க ஆரம்பித்தேன். "மாத்திரை, டாக்டர் எல்லாம் அப்புறம்யா. திருப்பம் எங்க வந்துச்சு? அந்த மார்ச் மாசம். சாயங்காலம். திரைச்சீலை பாதி வெலகி இருக்கு, வெளிச்சம் தேன் மாதிரி எறங்குது. நான் மந்திரி கதைய முடிக்கிறேன். இவ அப்படியே, பக்கவாட்டுல பாத்துட்டு, 'டிரைவர்'னு..."

"நான் அன்னைக்கு வாயே தொறக்கலையே."

ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொன்னாள்.

மகள் என்னைப் பார்த்தாள். டிக்கெட்டை ரத்து செய்தவள் அவள்தானே. கோப்பையைக் கீழே வைத்தாள். கிரீஸ் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான்.

"சொன்னே" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"சொல்லலங்க. நீங்க கதை சொன்னது கேட்டுச்சு. சொல்லணும்னு நெனச்சேன். வாய் வரல." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அப்புறம், அந்த ஆளு டிரைவரும் இல்ல. டிரைவரோட மச்சான். கடைக்குக் குடை வாங்க வந்தான். நாப்பது வருஷமா, போனாப் போகுதுன்னு டிரைவர்ன்னு விட்டு வெச்சிருக்கேன்."

கிரீஸ்தான் முதலில் வெடித்தான். டீ மூக்கில் ஏறிவிட்டது அவனுக்கு. மகள் சிரிக்க மாட்டேன் என்று உதட்டைக் கடித்தாள், பிறகு முடியவில்லை. எழுந்து வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அது விளையாட்டு அடி இல்லை. வாங்கிக்கொண்டேன்.

பொத்தான் தைத்து முடித்த சட்டையை என் மனைவி உதறி நீட்டினாள். போட்டுப் பார்க்கச் சொன்னாள். போட்டேன். இடுப்புச் சுற்றளவு குறைந்திருக்கிறது என்றாள். டேப்பை எடுத்தாள். அளந்தாள்.

எல்லாரும் போன பிறகு டைரியைப் பின்னோக்கிப் புரட்டினேன். மார்ச் 14. கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

அன்று அவள் சொல்லவில்லை. நாட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு நான் காத்திருந்தேன். அவள் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரைச்சீலை முழுக்க மூடித்தான் இருந்தது. காத்திருந்து காத்திருந்து, தாங்க முடியாமல், நான்தான் சொன்னேன், அவள் குரல் மாதிரி வைத்துக்கொண்டு, மெதுவாக. "டிரைவர்" என்று.